கேட்காத கேள்வி

"பூ...ம்ம்ம்!"

சரக்குக் கப்பல் ஊதிய ஊதலில் ஜன்னல் அதிர்ந்தது. நிரஞ்சனியின் கையிலிருந்த தேநீர் சிந்தியது. அதைத் துடைக்காமல் கைபேசியைத்தான் பார்த்தாள். அழைப்பு ஒன்றுமில்லை.

துறைமுக அலுவலகத்தில் பழங்குடி மக்களுடனான உறவைக் கவனிப்பது அவள் வேலை. புதிய இறங்குதுறைக்கு வரைபடம் கீறுமுன் ஆற்றங்கரை மோஹாக் பழங்குடி மக்களோடு பேசவேண்டும் என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கினாள். ஆற்றுக்கு அக்கரையில் அவர்களின் ஊரான கானாவாகேக்குப் போய் லொறெய்ன் என்ற மூதாட்டியையும் பார்த்துவிட்டு வந்தாள். அது வசந்தகாலம். இப்போது மேப்பிள் இலை சிவந்துவிட்டது. இந்த வாரமும் பதில் வராவிட்டால், அவர்கள் இல்லாமலே வேலை தொடங்கிவிடும்.

"காதலனுக்குக்கூட ஒருத்தரும் இப்பிடி ஏங்க மாட்டினம், அக்கா," என்றான் பக்கத்து மேசைக் கிருஷாந்தன்.

"போடா, உனக்கு எல்லாம் பகிடி."

"சரி, புகையிலை குடுத்துத்தானே கேட்டனீங்கள்?"

நிரஞ்சனி விழித்தாள். "பயிற்சியில சொன்னவைதான். ஆனா வயசான மனுசிக்குப் போய்ப் புகையிலையோ? எனக்கு மனம் ஒப்பேல்லை. லட்டும் பழமும் குடுத்தன்."

"ஐயோ அக்கா! அவையின்ர வழக்கத்தில, புகையிலையை அவ கையில வாங்கினால்தான் நீங்கள் கேட்டதாக் கணக்கு. சும்மா பார்க்க வந்தனீங்கள் எண்டு நினைச்சிருப்பா!"

அன்று பின்னேரமே பாலம் கடந்து போனாள்.

லொறெய்ன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நிரஞ்சனி புகையிலையை இரண்டு கையாலும் ஏந்தி, வந்த காரியத்தைச் சொன்னாள்.

லொறெய்ன் கை நீட்டவில்லை. "லட்டு அருமை. நீ கேட்பாய் என்று பார்த்திருந்தேன். தின்னக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய்."

எதிரே கப்பல் கால்வாயில் ஒரு கப்பல் நகர்ந்து, அப்பாலிருந்த ஆற்றை மறைத்தது.

"என் அம்மாவின் சின்ன வயதில் ஆறு எங்கள் ஊர்க்கரையிலேயே ஓடியது. பிறகு கால்வாய் வெட்டினார்கள். ஆற்றுத் தண்ணீர் இன்னும் கூப்பிடுதூரத்தில்தான். ஆனால் அதைத் தொட நான் காரில் போகவேண்டும்."

கப்பல் கடந்ததும் லொறெய்ன் புகையிலையைப் பார்த்தாள்.

"இதை வாங்கினால் எங்கள் ஆட்களிடம் நான் பேசியாக வேண்டும். அவர்கள் 'வேண்டாம்' என்றும் சொல்லலாம்," என்றாள் லொறெய்ன்.

"சொல்லட்டும். அந்தப் பதிலோடயே போறன்."

"உன் மேலிடம் உன்னைத்தானே ஏசும். பிறகு எதற்கு இத்தனை தவிப்பு?"

நிரஞ்சனி மறுகரையின் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீட்டிய கை தாழவில்லை.

"ஊரில எங்கட கடற்கரையையும் ஆமிக்காரர் வேலி போட்டு எடுத்தவை, அம்மா. 'வேண்டாம்' எண்டு சொல்லுறதுக்குக்கூட, எங்களை ஒருத்தரும் வந்து கேக்கேல்லை."