பேட்டரி எங்கே தூங்குகிறது?

மழை பெய்து பதினெட்டு நாளாகிறது. பிறகு எப்படி பேட்டரி மட்டும் நனைந்திருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம். மின்சார சைக்கிளின் சீட்டைத் தொட்டால் காய்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரும் கூடையும் தூசி படிந்து கிடக்கின்றன. நடுத்தண்டில் பூட்டியிருக்கும் பேட்டரியின் மேல் மட்டும் முத்து முத்தாகத் தண்ணீர். நடையம்மா ஒரு சொட்டை விரலால் தொட்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முகர்ந்தும் பார்த்தாள். பக்கத்து வீட்டு நாயின் மேல் அவளுக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம். பாவம், நாய் நிரபராதி. வெறும் தண்ணீர்தான்.

நடையம்மா என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. விழுந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் வீடு வீடாகப் போய் நடக்கப் பழக்குகிற வேலை அவளுக்கு. மேட்டுத்தெருவில் இருக்கும் பஸ் ஓட்டுநர்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டார். தொழில் என்னவென்று விளக்கிச் சொல்ல அவர் வாய் அப்போது ஒத்துழைக்கவில்லை. சுருக்கமாகச் சொன்னார், அதுவே ஒட்டிக்கொண்டது.

அந்த ஓட்டுநரை நினைத்துத்தான் இப்போது அவளுக்குக் கவலை. ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன மனிதர். கம்பை ஊன்றி அறைக்குள் நடக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஆனால் ஒருநாள் வாசற்படியில் தடுக்கி விழுந்தார் பாருங்கள், அதோடு சரி. வாசலைக் கண்டாலே கால் பூட்டிக்கொள்ளும். மகள் ஒருத்தி, எட்டரைக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவள், போன வாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்: "மாசக் கடைசி வரைக்கும் பாக்கிறேன்க்கா. வாசல் வரைக்கும்கூடத் தானா வர முடியலேன்னா, பகல்ல தனியா விட எனக்குப் பயமா இருக்கு. முதியோர் இல்லத்துலதான் சேர்க்கணும்."

மாசக் கடைசிக்கு ஆறு நாள். நடையம்மா ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் முழுப் பயிற்சியும் கொடுக்க முடியும். இந்த இரண்டரை வாரமாக ஒருநாளாவது நேரத்துக்குப் போனாளா? இல்லை. காரணம் இந்த சைக்கிள்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது திரையில் சார்ஜ் காட்டும் ஐந்து கட்டமும் எரியும். சமதரையில் சமத்துப்பிள்ளையாக ஓடும். மேட்டுத்தெரு ஏற்றத்தில் முன்சக்கரம் வைத்ததுதான் தாமதம், ஐந்து மூன்றாகி, மூன்று ஒன்றாகி, மோட்டார் கையை விரித்துவிடும். பிறகென்ன, இருபத்தைந்து கிலோவை உருட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, தலை கலைந்து போய் நிற்பாள். நடக்கக் கற்றுக்கொடுக்க வந்தவள் நடந்தே வருகிறாளே என்று தெருவே பார்க்கும். அதைவிட அநியாயம், அதே சைக்கிள் மத்தியானம் எந்த மேட்டையும் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறும்!

போன வாரமே ஒரு மத்தியானம் ஓய்வு நேரத்தில் சைக்கிள் கடைக்கும் கொண்டுபோனாள். மெக்கானிக் ஏறி உட்கார்ந்து கடைக்குப் பின்னால் இருந்த பாலத்தில் மூன்று முறை ஏறி இறங்கினான். "தங்கமா இருக்குக்கா," என்றான். பிறகு அவளை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்களும் கொஞ்சம் மிதிச்சுக் குடுங்க," என்று சேர்த்தான். அவள் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டில் ஒரு கரண்டி குறைத்துக்கொண்டாள் என்பதை நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

புருஷனிடமும் அப்போதே கேட்டாள். அவர் கீழே மருந்துக்கடை வைத்திருக்கிறார், குடித்தனம் மாடியில். சைக்கிளின் பேட்டரி முழுக்க அவருடைய இலாகா. சாயங்காலம் கழற்றுவார், சார்ஜ் போடுவார், விடியற்காலையில் அவள் எழுவதற்குள் கொண்டுபோய் மாட்டிவிடுவார். சைக்கிளோடு வந்த குறிப்புப் புத்தகத்தை, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் பொடி எழுத்துத் தாளைப் படிப்பதுபோல, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வரி விடாமல் படித்திருக்கிறார்.

"என்னங்க, பேட்டரியைக் கழுவுனீங்களா?"

"பேட்டரியை யாராவது கழுவுவாங்களா? என்னம்மா கேள்வி இது?"

"அப்ப ஏன் நனைஞ்சிருக்கு?"

"பனியா இருக்கும்."

இந்த வெயில் காலத்தில் பனி! அதுவும் பேட்டரியில் மட்டும், குறி பார்த்து! ஆனால் மனிதர் பொய் சொல்லுகிறவர் இல்லை. கழுவவில்லை என்றால் கழுவவில்லைதான். அவள் ஒரு சின்ன நோட்டில் நாள், நேரம், எந்த இடத்தில் மோட்டார் நின்றது, ஈரம் இருந்ததா என்றெல்லாம் எழுத ஆரம்பித்தாள். கோபம் ஒருபக்கம் இருந்தாலும், அடுத்து என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசை அதைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.

அன்று காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குத்தான் மேட்டுத்தெரு போய்ச் சேர்ந்தாள். "மன்னிச்சுக்கோங்கண்ணே," என்று தொடங்கி, ஓட்டுநரின் காலை மடக்கி நீட்டிக்கொண்டே, ஆற்றாமையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நோட்டையும் காட்டினாள். ஓட்டுநர் இடது கையால் அதை வாங்கிக்கொண்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், வண்டிக் கோளாறு என்றால் விடுவாரா? இத்தனை நாள் எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்த கண் பளிச்சென்று ஆனது.

"காலையில... மக்கர்," என்றார் மெதுவாக. வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வரும். "மத்தியானம்... ஜோர்."

"ஆமாண்ணே."

"ஓட ஓட... சரியாகுது."

"அதேதாண்ணே! அதுதான் புரியலை."

ஓட்டுநர் கூரையைப் பார்த்து யோசித்தார். பயிற்சிக்கு உயர்த்திய கால் உயர்த்தியபடியே நின்றது, கீழே போடக்கூட மறந்துவிட்டார். பிறகு கேட்டார்: "ராத்திரி... அது எங்க தூங்குது?"

நடையம்மா நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். அதில் அது மட்டும் இல்லை. நான்கு வருஷமாகச் சைக்கிள் ஓட்டுகிறாள், பேட்டரி இரவில் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது! சார்ஜ் போடும் இடம் தெரியும், மாடிப்படிக்குக் கீழே. அதற்குப் பிறகு?

"கேட்டு... சொல்லு," என்றார் ஓட்டுநர். "ஜில்லுனு... இருக்கான்னு... தொட்டுப் பாரு. நானும்... பாக்கணும்."

மத்தியானம் கடையில் கூட்டமில்லை. அவள் நேராகப் போய்க் கேட்டாள்: "என்னங்க, ராத்திரி பேட்டரியை எங்க வைக்கிறீங்க?"

அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது பாருங்கள். எப்போதடா கேட்பாள் என்று காத்திருந்தவர் மாதிரி, கவுன்டரைச் சுற்றி வந்து, கடையின் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே மருந்து ஃபிரிட்ஜ் நின்றது. கதவில் வெப்பமானி, பக்கத்தில் காலையும் மாலையும் அளவு எழுதும் தாள். அந்த ஃபிரிட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அதற்குள் ஒரு பால் பாக்கெட் வைக்க அவர் விட்டதில்லை. மாடி ஃபிரிட்ஜ் பழுதான அன்று அவளுடைய பிறந்தநாள் கேக் உருகி வழிந்தபோதுகூட, "இது மருந்துக்கு மட்டும்மா," என்று கையைக் குறுக்கே நீட்டிய மனிதர்.

கதவைத் திறந்தார். அடித்தட்டு முழுவதும் காலியாக இருந்தது. வெள்ளைத் துவாலை ஒன்று நான்காக மடித்து விரிக்கப்பட்டிருந்தது. தட்டின் விளிம்பில் அவருடைய குண்டுக் கையெழுத்தில் ஒரு சீட்டு: மருந்து அல்ல.

"வெயில் ஆரம்பிச்ச அன்னையிலேருந்து இங்கதான். சூட்டுல வைக்கக் கூடாதுன்னு புத்தகத்துல நாலு இடத்துல போட்டிருக்கும்மா. மாடியோ அடுப்பு மாதிரி கொதிக்குது. ரெண்டுலேருந்து எட்டு டிகிரிக்குள்ள வெச்சா எதுவும் கெட்டுப்போகாது."

பதினெட்டு நாள். மேட்டில் மோட்டார் நிற்க ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான். குளிர்ந்துபோன பேட்டரி வெளியே வந்ததும் வியர்க்கிறது, மேட்டில் முக்கவேண்டிய நேரத்தில் விறைத்துப்போய் முரண்டு பிடிக்கிறது, வெயிலில் ஓடி ஓடி உடம்பு தளர்ந்ததும் சரியாகிறது. இவ்வளவுதான் விஷயம்! அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தன. ஆத்திரம் முந்திக்கொண்டது.

"அது ஊசி மருந்தாங்க? பேட்டரிங்க! ரொம்பச் சூடும் ஆகாது, ரொம்பக் குளிரும் ஆகாது. உங்களால அந்த அண்ணன் பதினெட்டு நாள் அரைப் பயிற்சியோட கெடக்கார். இன்னும் ஆறே நாள்ல அவரை வீட்டை விட்டு அனுப்பப் போறாங்க, தெரியுமா உங்களுக்கு?"

அவர் தெரியாது என்று தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "நடு ரோட்டுல உன்னை நிறுத்திடக் கூடாதேன்னுதாம்மா," என்றார். "அதுக்குத்தான் விதியை மீறி வெச்சேன்."

அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. கேக்குக்குக் கிடைக்காத இடம்! அந்தச் சீட்டைப் பிய்த்து எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "இனிமே நம்ம ரூம்ல, ஜன்னலோரம் நிழல்ல வைங்க. சார்ஜ் மட்டும் கீழேயே போடுங்க," என்றாள். "பேட்டரி உங்க இலாகாதான். மாத்தலை."

மறுநாள் காலை பேட்டரி காய்ந்திருந்தது. மேட்டுத்தெரு ஏற்றத்தில் முன்சக்கரத்தை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நான்கானது. அவ்வளவுதான், அங்கேயே நின்றது. சைக்கிள் முனகாமல் ஏறியது. ஏழு நாற்பதுக்கு ஓட்டுநர் வீட்டு கேட்டுக்குள் நுழைந்து, பெல்லை இரண்டு தடவை அடித்தாள்.

"அண்ணே, கண்டுபிடிச்சாச்சு!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். "ஃபிரிட்ஜுல தூங்கியிருக்கு! இருங்க, கழட்டி எடுத்துட்டு வந்து காட்டுறேன்."

குனிந்து சாவியைத் திருகினாள். பூட்டு வரவில்லை. இத்தனை நாள் ஈரத்தில் உள்ளே துரு பிடித்திருக்க வேண்டும். அழுத்திப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், மருந்துக்கடைக்காரரை மனத்துக்குள் நாலு வார்த்தை திட்டினாள். "ஒரு நிமிஷம்ணே, பூட்டு சிக்கிக்கிச்சு..."

அப்போது பேட்டரியின் மேல் ஒரு கை வந்து அழுந்தியது. பெரிய, காய்ப்பு ஏறிய கை.

"வெதுவெதுன்னு... இருக்கு," என்றது குரல் தலைக்கு மேலே.

நடையம்மா நிமிரவில்லை. முதலில் பார்த்தது கால்களைத்தான். இரண்டு கால். வெறுங்கால். மண்ணில் ஊன்றி நின்றன, வலது கால் லேசாக உள்பக்கம் திரும்பியபடி. அவற்றுக்குப் பின்னால் படி இரண்டு, அதற்கப்பால் திறந்த கதவு. கதவருகே மகள், வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையில் கம்போடு. கூப்பிட்டால் விழுந்துவிடுவாரோ என்று மூச்சுகூட விடாமல் நின்றாள். நடையம்மாவும் விடவில்லை.

ஓட்டுநர் பேட்டரியைத் தடவி, சாவித்துவாரத்தைக் குனிந்து பார்த்து, "எண்ணெய்... ஒரு சொட்டு... விடணும்," என்றார். பிறகு நிமிர்ந்தார். "ஏன்... ரெண்டு பேரும்... பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?"

"அப்பா," என்றாள் மகள், அழுகையும் சிரிப்புமாக. "கம்பு என்கிட்ட இருக்குப்பா."

ஓட்டுநர் கம்பைப் பார்த்தார். தாண்டி வந்த படியைப் பார்த்தார். கடைசியாகத் தன் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அதை... உள்ள வை," என்றார். "எண்ணெய்... எடுத்துட்டு வா."