சிவப்புப் பெட்டி

சார்ஜில் கிடந்த சிவகரனின் போன் மறுபடியும் கத்தியது. மீன் வெட்டிக்கொண்டிருந்த தயாளினி கையைக் கழுவிவிட்டு எட்டிப் பார்த்தாள். அதே சிவப்புப் பெட்டி. 'தீங்கான செயலி கண்டறியப்பட்டது.' கீழே இரண்டு பொத்தான்கள், 'அகற்று' என்று ஒன்று, 'புறக்கணி' என்று மற்றது.

"இஞ்சேருங்கோ, உங்கடை போன் திரும்பவும் கத்துது."

"கத்தட்டும். குரைக்கிற நாய் கடிக்காது," என்றான் கிணற்றடியில் நின்ற சிவகரன்.

அந்தச் செயலி ஒரு கடல் வரைபடம். பழைய ஜீ.பி.எஸ். கருவி உப்புப் பிடித்துச் செத்த பிறகு, படகு இயந்திரம் திருத்துகிற அவளுடைய தம்பி லோஜன்தான் அதை அத்தானுக்குப் போட்டுக் கொடுத்தான். இந்தியக் கடல் எங்கே தொடங்குகிறது என்று அதில் மஞ்சள் கோடு காட்டும். அந்தக் கரையில் பாதிப் படகுகள் அதை நம்பித்தான் போகின்றன. அது ஏன் கத்துகிறது என்று அவள் தம்பியிடம் ஒருமுறை கேட்டாள்.

"காசு கட்டிற ஆப்பை ஆரோ பூட்டுடைச்சு விட்டிருக்கினம் அக்கா. உள்ளுக்கை மாத்தினபடியால் போனிலை இருக்கிற காவல்காரனுக்கு ஆளைத் தெரியேல்லை. அதுதான் கத்துறான். ஆள் கள்ளன் இல்லை."

அப்போது அது சரியாகத்தான் பட்டது. ஆனால் போன கிழமை பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவின் போனுக்குள் ஏதோ புகுந்து, கூடாத படங்களை அவளுடைய பெயரில் ஊர் முழுக்க அனுப்பிவிட்டது. லூர்த்தம்மா அதற்குப் பிறகு கோயிலுக்குக்கூடப் போகவில்லை. தயாளினிக்கும் வளர்ந்த மகள் இருக்கிறாள். அவளுடைய படங்களெல்லாம் இந்தப் போனில்தான் கிடக்கின்றன. ஆண்களுக்கு எல்லாம் குரைக்கிற நாய்தான், கடிபடுகிறது யார் என்று நினைத்தபடி அவள் 'அகற்று' என்பதை அழுத்தினாள். சிவப்பு மறைந்தது. வீட்டைக் கூட்டித் துடைத்த மாதிரி மனம் இலேசானது.

சிவகரன் போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு மத்தியானம் கடலுக்குப் போனான். கரையில் நிற்கும்போது அவன் அதைத் திறப்பதில்லை.

பின்னேரம் லோஜன் வந்தான்.

"சோளகக் காத்து பலமாய் அடிக்குது அக்கா. படகை வடக்காலை இழுத்துக்கொண்டு போயிடும். கோட்டுக்கு இஞ்சாலை வலையை விடச் சொல்லி அத்தானுக்கு ஒரு கோல் எடுங்கோ."

கோல் எடுக்க எழும்பியவள் அப்படியே நின்றாள்.

"அந்தக் கோடு இப்ப போனிலை இல்லையடா தம்பி. நான் அழிச்சுப்போட்டன்."

அவன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் தன் போனை எடுத்து அத்தானை அழைத்தான். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண்குரல் சாவகாசமாகச் சொன்னது. கூடப் போன கனிசியசின் பொத்தான் போனுக்கும் அதே பதில்தான்.

விடிந்தபோது இருவரும் கரையில் நின்றார்கள். காற்று இன்னும் விடவில்லை. படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. தங்கள் படகின் நீலம் தெரிந்தபோதெல்லாம் அவள் இரண்டடி முன்னே போனாள், அது வேறு யாருடையதாகவோ இருந்தது. கோடு தாண்டினால் இந்தியக் காவற்படை பிடித்துக்கொண்டு போகும், படகும் திரும்பி வராது. இயந்திரம் நின்றிருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏன் தங்கச்சி கலங்கிறாய்?" என்றார் வலையை உதறிக்கொண்டிருந்த மார்க்கண்டு. "அவனிட்டை போனிலை மாப் இருக்குத்தானே. வழி தப்பாது."

"ஓம்" என்றாள் தயாளினி. அவர் சொன்னதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். ஒவ்வொரு ஆறுதலும் அவளுக்கு அடியாக விழுந்தது.

லோஜன் கடற்படைக் காவலரணில் சொல்லிவிட்டு வரப் புறப்பட்டான். அத்தான் வழமையாகப் போகும் பக்கத்தைத் தன் போனில் பெரிதாக்கி, யாராவது கேட்டால் காட்டும்படி அவளிடம் கொடுத்தான்.

அவள் வாங்கிய கையோடு போன் கத்தியது. சிவப்புப் பெட்டி எழும்பி, கோட்டையும் கடலையும் மூடியது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளைப் போல இரண்டு பொத்தான்களையும் இரண்டுமுறை வாசித்தாள். பிறகு 'புறக்கணி' என்பதை மெதுவாக அழுத்தினாள்.

பெட்டி போய்விட்டது. மஞ்சள் கோடு அப்படியே இருந்தது. மற்றப் படகுகளை இது காட்டாது என்று லோஜன் எப்போதோ சொல்லியிருக்கிறான். அது தெரிந்தும், கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஈர விரலால் திரையிலிருந்த அந்த நீலக் கடலை அவள் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தாள்.