பேராசிரியரிடம் கேட்டுச் சொல்

எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில், குறுக்கெழுத்துப் புதிருக்குப் பக்கத்தில், பேராசிரியர் ஒருவர் வாரந்தோறும் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். படத்தில் வழுக்கைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி, தாடையில் ஒரு விரல். வெங்காயம் நறுக்கினால் ஏன் கண் எரிகிறது, ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம், பூனை ஏன் மேசை மேல் இருப்பதையெல்லாம் தட்டிவிடுகிறது, எதைக் கேட்டாலும் அசராமல் பதில் வரும். அவருக்கு எழுதுகிறவர்கள் 'மதிப்பிற்குரிய ஐயா' என்றுதான் தொடங்குவார்கள்.

அந்த ஐயா நான்தான்.

படம் நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அங்கே இருந்தது. அதற்குக் கீழே எழுத ஆள் இல்லாமல் என்னை எடுத்தார்கள். சேர்ந்த அன்றே ஆசிரியரிடம் கேட்டேன், படத்தைத் தூக்கிவிட்டு என் பெயரைப் போடலாமே என்று.

"போடலாம்மா. ஆனா ஒரு சின்னப் பொண்ணு சொன்னா ஆக்டோபஸுக்கு மூணு இதயம்னு யாரு நம்புவா?" என்றார்.

மூன்று இதயம் வைத்திருப்பது ஆக்டோபஸ், அதற்கும் என் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவருக்கு அவசரமாக டீ குடிக்கப் போக வேண்டியிருந்தது.

இதை நான் வீட்டில் மறைக்கவில்லை. முதல் பதில் அச்சில் வந்த அன்றே அப்பாவிடம் நீட்டினேன். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து அச்சக முகவரி வரைக்கும் படிக்கிற மனிதர். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"அவர் எழுதறதை நீ டைப் அடிக்கிறே."

"இல்லப்பா. நான்தான் எழுதறேன்."

"அதுவும் நல்ல வேலைதாம்மா. தப்பில்லாம அடிக்கணும்ல" என்றார் பெருந்தன்மையாக.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கறுப்பு அங்கியில் பட்டம் வாங்கும் என் போட்டோவை, கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற மாதிரி மாட்டி வைத்திருக்கிறார் அப்பா. கேஸ் சிலிண்டர் போட வருகிறவரைக்கூட நிறுத்திக் காட்டுவார். ஆனால் அந்தப் போட்டோவில் இருப்பவள் வாயைத் திறந்து ஏதாவது சொன்னால், "எதுக்கும் உங்க பேராசிரியர்கிட்ட கேட்டுச் சொல்லு" என்பார். நானும் ஆபீசுக்குப் போய் என்னிடமே கேட்டு, எனக்கே பதில் எழுதி, அச்சடித்துக் கொண்டுவந்து கொடுப்பேன். கொசு ஏன் தன்னை மட்டும் கடிக்கிறது என்று ஒருமுறை கேட்டார். மூச்சுக்காற்று, உடம்புச் சூடு, தோலின் வாசனை என்று சாப்பாட்டு மேசையில் சொன்னபோது, "ஏதோ சொல்றே" என்றார். அதே வரிகள் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். "பாத்தியா, விஷயம் தெரிஞ்சவன் எப்படி எழுதறான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா சிரித்துக்கொண்டே, "விடுடி, உன்னைத்தானே பாராட்டுறாரு. அட்ரஸ்தான் தப்பு" என்றாள்.

கொசு வரைக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது. குறட்டை விஷயத்தில் அப்படி விட முடியவில்லை.

அப்பாவின் குறட்டை சாதாரணக் குறட்டை இல்லை. லாரி மேடு ஏறுவது போல ஏறி, உச்சியில் சட்டென்று நின்றுவிடும். சத்தமே இருக்காது. அந்த நிசப்தம்தான் பயமாக இருக்கும். பிறகு முங்கி எழுந்தவர் போலப் பெரிதாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஏறத் தொடங்குவார். அம்மா ஹோட்டல் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். "ஊருக்கெல்லாம் தூங்க விரிப்புத் தேச்சுக் குடுக்கறேன், நான் தூங்க ஒரு மூலை இல்ல" என்று சொல்லிச் சமையலறைக்குப் பாயை மாற்றிக்கொண்டுவிட்டாள்.

பகலில் அப்பா எங்கே உட்கார்ந்தாலும் தூங்கினார். முடி வெட்டும் நாற்காலியில் தூங்கினார். ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் குனிந்தபடியே தூங்கினார். என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போது பாதித் திட்டில் தூங்கினார். அதையும் நாங்கள் சிரித்துக் கழித்திருப்போம், அவர் கையில் குழந்தைகள் நிறைந்த வேன் இல்லாமல் இருந்திருந்தால்.

"ஆஸ்பத்திரியில தூக்கத்துக்குன்னு ஒரு டெஸ்ட் இருக்குப்பா. ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்."

"தூங்கறதுக்கு டெஸ்டா? அதுல நான் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வருவேன்."

"நீங்க தூங்கலைப்பா. மூச்சு நின்னு நின்னு மூளை எழுப்பிவிட்டுக்கிட்டே இருக்கு. அதனாலதான் பகல்ல கண்ணைச் சொருகுது."

"குறட்டை விடறவன் ஆழ்ந்து தூங்கறான்னு அர்த்தம். சின்னக் குழந்தைக்கும் தெரியும்." அம்மா பக்கம் திரும்பினார். "இவ படிச்சது வேற, வாழ்க்கை வேற."

"அப்ப என்னை எதுக்குச் சமையல்கட்டுல படுக்க வைக்கிறீங்க?" என்றாள் அம்மா.

அப்பா ரொட்டியைத் தேநீரில் முக்கிக்கொண்டே யோசித்தார். "சரி. பேராசிரியர்கிட்டயே கேட்டுடலாம். அவர் போகணும்னு சொன்னா நான் போறேன். தேவையில்லைன்னு சொன்னா நீ ரூமுக்குத் திரும்பி வரணும். பேச்சு மாறக்கூடாது."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

"கேட்டுச் சொல்லு" என்றார் அப்பா.

கேட்டேன். ஆனால் இந்த முறை என்னிடம் மட்டும் கேட்டால் போதாது என்று தோன்றியது. மூச்சு சம்பந்தமான மருத்துவர் ஒருவரிடம் பேசி, எழுதியதை வாசித்துக் காட்டி, அவர் திருத்தச் சொன்ன இடத்தைத் திருத்தி, அந்த நோயின் பெயரையும் சேர்த்தேன். குறட்டை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளம் அல்ல. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைக்கலாம். மூச்சு நிற்கும்போதெல்லாம் மூளை ஆளை எழுப்பும். எழுந்தது அவருக்கு ஞாபகம் இருக்காது, களைப்பு மட்டும் இருக்கும். குறட்டையோடு மூச்சும் நின்று நின்று வந்து, பகலிலும் கண் அயர்கிறவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாகனம் ஓட்டுகிறவர்கள் தள்ளிப்போடவே கூடாது. கடைசியாக, சிகிச்சை உண்டு, பயப்பட வேண்டாம் என்று ஒரு வரி. அதை அப்பாவுக்காகச் சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பேப்பரை விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வெற்றிக் குரலில் வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியில் குரல் இறங்கியது. 'வாகனம்' என்ற இடத்தில் நின்றுவிட்டது. மீதியை மனதுக்குள் படித்தார். பேப்பரை மடித்தார்.

"இந்தாளுகிட்ட என்ன சொல்லி வச்சே?"

"என்னப்பா?"

"நீ போட்டுக் குடுத்திருக்கே. எங்கப்பா டிரைவர், குறட்டை விடறாரு, இப்படி எழுதுங்கன்னு சொல்லியிருக்கே. இல்லாட்டி ஊர்ல ஆயிரம் வேலை இருக்க, வாகனம் ஓட்டறவங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"ஏன்னா நான்தான்..."

"பெரிய மனுஷன் ஒருத்தர்கிட்ட பொய்க் கோள் சொல்லலாமா?"

எனக்கு வாதாடத் தெரியும். கல்லூரியில் பேச்சுப்போட்டிக் கோப்பை வாங்கியிருக்கிறேன். ஆனால் இல்லாத ஒரு கிழவனிடம் அப்பாவைப் பற்றி நான் கோள் சொல்லவில்லை என்று எப்படி நிரூபிப்பது? எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். பாத்திரங்கள் கொஞ்சம் அடி வாங்கின.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், ஆபீசில் எங்கள் மேசையின் போன் அடித்தது. அந்த மேசையை நானும் விளையாட்டுப் பக்கம் பார்க்கும் அண்ணனும் பங்கு போட்டுக்கொள்கிறோம். பேனா மூடி கீழே விழுந்தால்கூட மைதானத்திலிருந்து சொல்வது போலச் சொல்வார் என்பதால் அவருக்குக் கமெண்ட்ரி என்று பெயர். அவர்தான் எடுத்தார். எடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"பேராசிரியர் வேணுமாம். யாரோ வேன் டிரைவர்."

நான் வேகமாகக் கையை ஆட்டினேன். "இல்லைன்னு சொல்லிடுங்கண்ணே."

கமெண்ட்ரிக்கு இப்படி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தி, குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தார். "பேராசிரியர்தான் பேசறேன். சொல்லுங்க."

"ஐயா, வணக்கங்கய்யா." அப்பாவின் குரல் இவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை. "உங்க ஆபீஸ்ல டைப் அடிக்கிற பொண்ணோட அப்பாங்க நான்."

கமெண்ட்ரி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் போனைப் பிடுங்கக் கை நீட்டினேன்.

"அவ கெட்டிக்காரிங்க. கோபம் ஜாஸ்தி, ஆனா கெட்டிக்காரி. அவ ஏதாவது கூடக் கொறைய சொல்லியிருந்தா மன்னிச்சுக்கங்க. நான் வேற ஒண்ணு கேக்கணும். வீட்டுல கேக்க முடியாது."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"என் சீட்டுக்குப் பின்னாடி ஒரு பாப்பா உக்காருங்க. நான்தான் அங்க உக்கார வச்சேன். வழி பூரா விடுகதை போடும். பதில் சொல்லாட்டி விடாது, சட்டையைப் பிடிச்சு இழுக்கும். அதனால எனக்குக் கண்ணு சொருகாதுங்க. இப்ப அதுக்குக் காய்ச்சல், வரலை." கொஞ்சம் நிறுத்தினார். "நேத்து சிக்னல்ல பச்சை விழுந்தது தெரியலை. பின்னாடி வண்டிக்காரங்க ஹாரன் அடிச்சாங்க போல. அதுவும் கேக்கலை. பிள்ளைங்கல்லாம் சேர்ந்து கத்தித்தான் முழிச்சேன். விளையாட்டுன்னு நெனைச்சு சிரிக்குதுங்க. நானும் சிரிச்சேன். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகு வண்டியை ஓரங்கட்டி உக்காந்துட்டேங்க."

கமெண்ட்ரியிடம் வர்ணனை தீர்ந்துவிட்டது.

"டெஸ்டுன்னு போனா ஸ்கூலுக்குத் தெரிஞ்சிடும். சாவியைப் பிடுங்கிடுவாங்க. போகாம சமாளிக்க மருந்து மாத்திரை ஏதாவது இருக்குங்களா? நீங்க சொன்னா சரியா இருக்கும்."

நான் ரிசீவரை வாங்கிக்கொண்டேன். ஸ்பீக்கரை அணைத்தேன்.

"அப்பா."

மறுமுனையில் பள்ளிக்கூட மணி ஒன்று அடித்து ஓய்ந்தது.

"போனை ஐயாகிட்ட குடு."

"ஐயான்னு யாரும் இல்லப்பா. இப்பப் பேசினவரு விளையாட்டுப் பக்கம் எழுதறவரு."

"அப்ப கொசுவுக்குச் சொன்னது?"

"நான்தான்."

"ஆக்டோபஸு?"

"அதுவும் நான்தான். எல்லாம் நான்தான். ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

கோபமாகத்தான் சொன்னேன். யாரென்றே தெரியாத ஒரு கனத்த குரலிடம் சொல்ல முடிந்ததை, ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிற என்னிடம் ஏன் சொல்ல முடியவில்லை? கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"நிஜமாவே மூச்சு நிக்குதா?"

"நிக்குதுப்பா. அம்மா எத்தனையோ நாள் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கா."

"அவ எங்கிட்ட சொல்லவேயில்லையே."

"சொன்னா. நீங்க தூங்கிட்டீங்க."

அப்பா சிரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதானா என்று தெரியவில்லை.

"மாத்திரை கீத்திரை?"

"அப்படிச் சமாளிக்க முடியாது. டெஸ்டுல என்னன்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி வைத்தியம் இருக்கு. ராத்திரி மூக்குல மாட்டிக்கிற மெஷின்கூட இருக்கு. நிறைய டிரைவருங்க அப்படி வைத்தியம் பாத்துட்டுத் திரும்ப ஓட்டறாங்க. ஆனா சாயங்காலம் நீங்க வண்டியை எடுக்கக் கூடாது."

"பிள்ளைங்க எப்படி வீட்டுக்குப் போகும்?"

"அதை ஸ்கூல்காரங்க பாக்கட்டும். நீங்க போய்ச் சொல்லணும்."

அவர் யோசிக்கும் நேரம் நீண்டது. தூங்கிவிட்டாரோ என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

"இதை நீயா சொல்றியா, இல்ல பேப்பர்ல எழுதற மாதிரி சொல்றியா?"

"நான் சொல்றேம்பா. உங்க பொண்ணு."

"நீ வா" என்றார். "நீ வந்தா போய்ச் சொல்றேன்."

கமெண்ட்ரி என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

பள்ளிக்கூட வாசலில் அப்பா வேனுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நான் கூட வருவதாகச் சொன்னதற்கு, "இங்கயே நில்லு. நான் என்ன ஒண்ணாங்கிளாஸா" என்று உள்ளே போனார். போனவர் திரும்பி வந்து, "மூச்சு நிக்கிறதுக்கு ஒரு பேரு எழுதியிருந்தியே, என்ன அது?" என்றார். சொன்னேன். உதட்டுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு மறுபடி போனார்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். கை வெறுமையாக இருந்தது.

"சாவியை வாங்கி வச்சுக்கிட்டாங்க. டாக்டர் எழுதிக் குடுத்தா திருப்பித் தர்றதாச் சொல்றாங்க. தருவாங்களா?"

"தெரியலப்பா."

"தெரியலைன்னும் சொல்லுவியா நீ?" என்றார். "எழுதறப்போ எல்லாம் தெரிஞ்ச மாதிரி எழுதறே."

ஆஸ்பத்திரிக்குப் பேருந்தில் போனோம். ஜன்னலோரம் அவருக்கு. வேறு ஒருவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்றோ, ஓட்டுநர் கியர் மாற்றும்போதெல்லாம் இவர் கால் தரையை அமுக்கியது. "கிளட்ச்சைத் தேய்க்கிறான்" என்றார். "வளைவுல இப்படியா திருப்புவான்" என்றார். மூன்றாவது குறை பாதியில் நின்றது. தலை என் தோளில் விழுந்து, மேடு ஏறத் தொடங்கியது.

பேருந்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். முன்சீட்டு அம்மா சிரித்தாள். "அப்பாவா? குடுத்து வச்ச மனுஷன். எவ்வளவு நிம்மதியாத் தூங்கறாரு."

"நிம்மதி இல்லீங்க. கவனிச்சுக் கேளுங்க" என்றேன்.

அவள் கேட்டாள். குறட்டை உச்சிக்குப் போய் நின்றது. அவள் முகத்தில் சிரிப்பும் நின்றது. நான் முழங்கையால் அப்பாவின் விலாவில் ஓர் இடி கொடுத்தேன். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு கண் திறந்தார்.

"ஸ்டாப் வந்துடுச்சா?"

"இல்லப்பா. மூச்சு வரலை."

"அப்ப சரி. வரலைன்னா இடி" என்று சொல்லிவிட்டு, என் தோளைக் கொஞ்சம் வாகாகத் திருத்திக்கொண்டு, மறுபடி தூங்கினார்.