விளக்கு வைக்கும் நேரத்துத் தூக்கம்

விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்கினால், வீட்டுக்கு வருகிற லட்சுமி வாசலோடு திரும்பிப் போய்விடுவாளாம். பெரியவர்களிடம் சொன்னால் சரி, கொட்டாவி விட்டுக்கொண்டாவது விழித்திருப்பார்கள். பல் முளைத்தும் முளைக்காத பிள்ளைக்கு லட்சுமியைத் தெரியுமா, மூதேவியைத் தெரியுமா? கமலவேணியின் மகன் தியாகுவுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் கண் சொக்கும். பகலெல்லாம் தகரக் கூரை அடுப்பாய்க் கொதிக்கிற வீட்டில் அவன் எங்கே தூங்குவான்? வெயில் தாழ்ந்து, கொஞ்சம் காற்று வந்ததும் தொட்டிலில் துவண்டு விடுவான்.

காஜா பேராங் தெருவில் இருந்த அந்தப் பலகை வீட்டில் நாள் தவறாமல் நடந்த கூத்து இது. பிள்ளை கண்ணசந்ததும், கமலவேணியின் புருஷன் கணேசமூர்த்தியின் அக்கா பூங்காவனம் வந்து வாரியெடுத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, உள்ளங்காலைச் சுண்டி எழுப்பிவிடுவாள். பிள்ளை வீரிட்டு அழும். அதன் பிறகு பால் குடிக்காது, யாரிடமும் போகாது, ராத்திரி முழுக்க நச்சரிக்கும். காற்றுக் கருப்பு என்று சொல்லி அதற்கும் ஒரு கயிறு கட்டினாள் மகராசி. கையில் கயிறு ஏற ஏறப் பிள்ளையின் உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. இடுப்பில் வைத்தால் கனமே தெரியவில்லை.

கமலவேணி பக்கத்து வீட்டு சபியாவிடம் போய் அழுதாள்.

"எங்கள்லயும் அப்படித்தான் தங்கச்சி. மஃரிப் தொழுகை நேரத்துல பிள்ளயத் தூங்க விடமாட்டோம். ஷைத்தான் சுத்துற நேரம்லா," என்றாள் சபியா.

சரிதான் போ! வேறு எதிலும் ஒத்துப்போகாத தெரு இதில் மட்டும் ஒரே பேச்சாக நின்றது.

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்து ஆண்டு ஒன்று ஆகவில்லை. கணேசமூர்த்தி வேலை பார்த்த ரப்பர் கம்பெனியில் வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி துரையின் நாற்காலிக்குப் போவார், அவருடைய இடத்துக்குக் கணேசமூர்த்தி வருவான் என்று ஆபீஸில் பேச்சு. பூங்காவனத்துக்கு இது போதாதா?

"தம்பிக்குப் பெரிய வேல வர்ற நேரம். இப்பப் போயி மூதேவிய வீட்டுக்குள்ள விடாத," என்று சொல்லிக்கொண்டே அன்றும் தொட்டிலுக்கு வந்தாள்.

கமலவேணி குறுக்கே போய் நின்றாள்.

"தொடாதீங்க அண்ணி."

"என்னடி சொன்ன?"

"தொடாதீங்கன்னேன். வெளக்க நான் ஏத்துறேன், வாசல நான் தெளிக்கிறேன், லட்சுமிய நானே கும்பிட்டுக் கூப்பிடுறேன். ஒரு பச்சப்புள்ள கண்ண மூடுனதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போறவளா இருந்தா போகட்டும். அப்பேர்ப்பட்ட லட்சுமி எனக்கு வேணாம்!"

பூங்காவனம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கணேசமூர்த்தி பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான், பெரிய சாமர்த்தியசாலி!

அன்றிலிருந்து பிள்ளை சாயங்காலத்தில் தூங்கினான். தானாகக் கண் விழித்தான், சிரித்தான், குழைத்த சோற்றைக் கிண்ணத்தோடு பிடுங்கினான். ராத்திரியில் வீடே நிம்மதியாகத் தூங்கியது. பூங்காவனமும்தான் தூங்கினாள், ஆனால் அதை ஒப்புக்கொள்வாளா?

துரை கப்பலேறினார். மறுநாள் சாயங்காலம் கணேசமூர்த்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"கோலாலம்பூர்லேருந்து வேற ஆளப் போட்டுட்டாங்க," என்றான்.

"சொன்னேனே! தலதலயா அடிச்சிக்கிட்டேனே!" பூங்காவனம் மார்பில் அறைந்துகொண்டு தொட்டிலுக்குப் பாய்ந்தாள். "இருட்டுற நேரத்துல பொணமாட்டம் கெடக்குது, வீடு எப்படி வெளங்கும்?"

கமலவேணிக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. ஒருவேளை நிஜம்தானோ? தன் பிடிவாதம்தான் புருஷனுக்கு வரவிருந்த வேலையைத் தின்றுவிட்டதோ? அடுத்த நிமிஷம் தன் பிள்ளையைப் பிணம் என்ற சொல் காதில் சுட்டது. தொட்டில் துணியைத் தொட்ட நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த வீட்டில் யாரும் பூங்காவனத்தின் மேல் கை வைத்ததில்லை.

"என்னங்க, இன்னிக்குப் பேப்பர் பின்னால ஒளிய முடியாது," என்றாள். பிடியை விடவில்லை. "கம்பெனிக்காரன் செஞ்சதுக்கு இவந்தான் காரணமா? நீங்களே சொல்லுங்க. ஆமான்னா இப்பவே எழுப்புறேன். எழுப்பித் தூக்கிக்கிட்டு இந்த வாசப்படிய எறங்கிடுறேன். திரும்பி வரமாட்டேன்."

கணேசமூர்த்தி அக்காவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தான். வாயைத் திறந்துகொண்டு தியாகு அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். கன்னத்தில் இப்போதுதான் சதை பிடித்திருந்தது. அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான்.

"மெதுவாப் பேசுக்கா," என்றான். "புள்ள முழிச்சிக்கப் போறான்."