காத்தாடி விட்டவன்

1

இந்தக் கதை கிடைத்தபோது நான் துணி காயப்போடும் கொடிக்கு எட்டு முழம் கயிறு வாங்கிக்கொண்டிருந்தேன். கதை கேட்கப் போகவில்லை. கதை எழுதுவதையே தலைமுழுகிவிடலாமா என்று நான் காலடிப்பேட்டைக்கும் ராயபுரத்துக்குமாக அலைந்துகொண்டிருந்த வாரம் அது.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் தங்கப்பாண்டிக்கு மொத்தக் கயிற்றுக் கடை. அப்பா சாத்தான்குளத்துப் பக்கம். பிள்ளை பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். வயது முப்பத்தொன்பது. முழம் போட்டபடியே, நான் கேட்காமல் சொன்னான்.

"இருவது வருசமா காத்தாடி வுட்டேன் சார். இந்த வருசம் வுட்டுட்டேன்."

முதல் 'வுட்டேன்' பறக்கவிட்டது. அடுத்தது கைவிட்டது. ஒரே சொல்லில் இரண்டையும் முடித்துவிட்டான். எனக்குப் பொறாமையாக இருந்தது. "ஏன்?" என்றேன்.

"ஒண்ணியும் இல்ல சார். புடிக்கல."

அந்த 'ஒண்ணியும் இல்ல' எனக்குப் பதினோரு நாளும் ஒரு குயர் காகிதமும் செலவு வைத்தது.

(கடையில் அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். கதையில் 'அவன்' என்கிறேன். எழுதுகிறவனுக்கு இருக்கிற ஒரே அதிகாரம் இது. அதையும் பிடுங்காதீர்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'வங்கக் கடலின் மேல் செவ்வானம் சிவந்திருக்க, தன்னந்தனியே ஒரு காத்தாடி'

சிவந்த செவ்வானமாம்! அடித்தேன். அடுத்து:

'தன் மாஞ்சா நூல் ஒரு வழிப்போக்கனின் கழுத்தை அறுத்த நாளிலிருந்து தங்கப்பாண்டி'

யார் கழுத்தும் அறுபடவில்லை. ஆனால் நீங்கள் காரணம் கேட்பீர்களே! இருபது வருஷ ஆசை சும்மா போகுமா என்பீர்களே! உங்களுக்குப் பயந்து அவன் பிள்ளை ஒன்றைக் காய்ச்சலில் சாகவைத்துப் பார்த்தேன். கண்பார்வையை மங்கவைத்தேன். கடையை நொடிக்கவைத்தேன். மறுபடி போய்ப் பார்த்தால் மூன்று பிள்ளைகளும் கொழுகொழுவென்று கயிற்றுப் பந்தின்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். கடையில் கூட்டம். அவனோ வாசலில் நின்றபடி தூரத்துக் கப்பலின் கொடி எந்த நிறம் என்று சொல்கிறான்.

காரணமே இல்லை. ஆசை வரும்போது ஏன் வந்தாய் என்று யாரும் அதைக் கேட்பதில்லை. போகும்போது மட்டும் சாட்சி, ரசீது எல்லாம் கேட்கிறோம்.

சரி, நடந்ததையே சொல்கிறேன். வேறு வழியில்லை.

3

ஐம்பத்திரண்டாம் வருஷம், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டு மணலில் கூட்டம். தங்கப்பாண்டியின் காத்தாடி உயரத்தில் நின்றது. கடல்காற்று, விரலில் நூல் ரீங்காரமிட்டது. அவனோ, வீட்டு முற்றத்தில் காயப்போட்ட மாங்காய்த் துண்டை யாராவது உள்ளே எடுத்து வைத்திருப்பார்களா என்று நினைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று கூட்டம் 'ஓ' என்றது. எதிராளியின் காத்தாடி அறுந்து கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அறுத்தது தன் நூல்தான் என்பதே அவனுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நாலு பேர் தூக்கித் தோளில் வைத்தார்கள். தோளில் உட்கார்ந்திருந்தவனுக்கு இடுப்பு வலித்தது. அவ்வளவுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்து பூமாரியிடம் சொன்னான். அவன் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து காத்தாடியைச் சபித்தவள். அவள் உரலில் அவன் சோடாப் புட்டி இடித்து மாஞ்சாவுக்குத் தூள் எடுத்த நாளில் மூன்று வேளை அடுப்பு மூட்டாமல் இருந்தவள்.

"இனிமே காத்தாடி வுடப் போறதில்ல."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஞாயித்துக்கெழம பூரா வீட்லயா இருப்பீக?"

இருந்தான். முதல் ஞாயிறு, தண்ணீர்ப் பானை கோணலாக இருக்கிறது என்று நகர்த்தி உடைத்தான். அடுத்த ஞாயிறு, குழம்பில் புளி அதிகம் என்றான். மூன்றாவது ஞாயிறு காலையில் அவளே காத்தாடியை எடுத்துவந்து அவன் மடியில் போட்டாள்.

"புண்ணியமாப் போவும், கொண்டுபோய் எங்கயாச்சும் விட்டுட்டு வாங்க."

4

தெரு அதற்கு மேல். (இங்கே ஆளுக்கொரு வசனமாக இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எரிச்சல்பட்டது அவன், நீங்களும் ஏன் படவேண்டும் என்று எடுத்துவிட்டேன். சாரம் மட்டும்.) கண்ணேறு என்றார்கள். பித்தம் என்றார்கள். "யாராவது கைல துட்டு வெச்சாங்களா மாமு?" என்றார்கள். 'புடிக்கல' என்ற பதிலை ஒருத்தரும் வாங்கிக்கொள்ளவில்லை. அதைச் சொல்லிவிட்டு அவன் வாயை மூடியதும், அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று நின்றுகொண்டே இருந்தார்கள்.

"பேஜாரா பூட்ச்சி சார். செத்துப் போனாக்கூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டானுங்கோ."

அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஜெயிக்கிறவன் போகிறேன் என்றால் ஊர் விடாது. தோற்றவன் போனால் ஏன் என்று கேட்க ஆளிருக்காது. வைகாசிக் கடைசி ஞாயிறு அத்தாவுல்லாவோடு வருஷப் போட்டி. அதில் தோற்றுவிடுவது.

5

அத்தாவுல்லா தண்டையார்பேட்டைக்காரன். துறைமுகச் சரக்கை மூடுகிற தார்பாய் தைப்பது தொழில். ஒன்பது வருஷமாகத் தங்கப்பாண்டியிடம் தோற்கிறான். ஒன்பது வருஷமும் மறுநாளே அடுத்த வருஷத்துக்குக் கண்ணாடி பொறுக்கத் தொடங்கினான்.

காத்தாடிச் சண்டைக்கு டீல் என்று பெயர். இரண்டு நூலும் மேலே பின்னிக்கொள்ளும். ஓடுகிற நூல் அறுக்கும், நிற்கிற நூல் அறுபடும். அதனால் பின்னியதும் சரசரவென்று நூலை விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். நான் இதுவரை காத்தாடியைக் கையால் தொட்டதில்லை. அவன் மூன்று முறை சொல்லி, நாலாவது முறை என்னை ஒரு மாதிரி பார்த்த பிறகு புரிந்தது இது.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஸ்டானிஸ்லாஸ் விசில் ஊதினார். நூல்கள் பின்னின. அத்தாவுல்லாவின் கையிலிருந்து நூல் பறந்தது. தங்கப்பாண்டி இரண்டு விரலால் தன் நூலைப் பிடித்து நிறுத்தினான். ஒரு மூச்சு விடும் நேரம். யார் கண்ணுக்கும் தெரியவில்லை. 'டப்'. நூல் தளர்ந்து மணலில் விழுந்தது.

கூட்டம் அத்தாவுல்லாவைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுதான். தங்கப்பாண்டி நூல்கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இருபது வருஷத்தில் முதல்முறையாகச் சீட்டியடித்தபடி வீட்டுக்குப் போனான்.

இங்கேயே முடித்திருந்தால் நல்ல கதை. நான் முடித்துமிருந்தேன். அப்புறம் மிச்சத்தையும் சொன்னான்.

6

மறுநாள் காலை, கடை திறந்ததும் அத்தாவுல்லா வந்தான். பத்துப் பேர் முன்னால் தங்கப்பாண்டியை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுகிறவன், அன்றைக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

"பாண்டி. உன் நூலு நின்னுச்சி."

"இன்னா பாய் சொல்ற?"

"நடிக்காத. ஒம்போது வருசமா உன் நூலு எப்டி ஓடும்னு என் விரலுக்குத் தெரியும். நேத்து நின்னுச்சி. அப்பவே தெரிஞ்சிடிச்சி. தெரிஞ்சிகினேதான் அழுதேன். நேத்து எங்க வூட்ல பிரியாணி. என் சம்சாரம் ரஹீமுன்னிசா தெருவுக்கே குடுத்தா. நான் ஒரு வாய் வெக்கல. எனக்குப் பிச்ச போட்டியா நீ?"

"இல்ல பாய். எனக்குப் புடிக்கல. வுட்டுடலாம்னு…"

"புடிக்கலியா? பொண்டாட்டிகிட்ட சொன்ன. தெருவுக்கெல்லாம் சொன்ன. எங்கிட்ட வந்து சொன்னியா? உன்னோட டீல் போட்டவன் நானு."

ஊரெல்லாம் கேள்வி கேட்கிறதென்று பொருமியவன், கேட்க உரிமையுள்ள ஒரே ஆளிடம் வாயே திறந்திருக்கவில்லை.

"ஒரு டீல் வுடு. ஒழுங்கா வுடு. அப்பால நீ எங்கியாவது போ."

"முடியாது பாய். அத்தத் தொட்டாலே வெறுப்பா கீது."

அத்தாவுல்லா போய்விட்டான்.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவதில், நூலைத் தொட்டதும் பழைய ஆசை பொங்கி வருகிறது, கண்ணீர், கடல், இரண்டு காத்தாடிகள் ஒன்றாக. பத்திரிகை ஆசிரியருக்கு இதுதான் பிடிக்கும். இரண்டு பக்கம் வந்தபின் எனக்கே குமட்டியது. கிழித்தேன்.

இரண்டாவதில், இருவரும் சாகிறவரை பேசிக்கொள்வதில்லை. அதில் உழைப்பே இல்லை.

மூன்றாவதை அவனே செய்து பார்த்தான். அடுத்த ஞாயிறு வெறுங்கையோடு காசிமேட்டுக்குப் போனான். கூட்டத்தின் நடுவில் நின்று, "பாய் ஜெயிக்கல. நான்தான் நூலப் புடிச்சிகினேன்" என்று உரக்கச் சொன்னான். பாரம் இறங்கியது என்று நினைத்தான். அத்தாவுல்லாவின் முகம் கறுத்தது.

"ஊர்கிட்ட சொல்லச் சொல்லி நான் கேட்டனா? ஒரு டீல் கேட்டேன். அத்தக் குடுக்கத் துப்பில்ல, என் மானத்த வாங்க வந்துட்ட."

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் கதை எழுதுகிறவர்கள் கிளப்பிவிட்ட புரளிதான்.

8

பத்து நாள் தங்கப்பாண்டி தனக்குள் திட்டிக்கொண்டே இருந்தான். பாயை, காற்றை, காத்தாடி கண்டுபிடித்தவனை. பதினோராம் நாள் உரலை எடுத்தான். பூமாரி பார்த்தாள், அரிசியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு உரலுக்குப் போனாள்.

ஒரு புதன்கிழமை காலை, இரண்டு பேர் மட்டும். விசில் இல்லை. கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சத்தியமா சொல்றேன் சார், அன்னிக்கி வுட்ட மாதிரி நான் என்னிக்கும் வுட்டதில்ல. ஒரு சாண் ஏமாத்தல. கையெல்லாம் ரத்தம்."

நான் பரபரப்பாகப் பேனாவைத் திறந்தேன். "அப்படியென்றால் ஆசை திரும்பி வந்துவிட்டது?"

"இல்ல சார். சுத்தமா புடிக்கல."

பேனாவை மூடினேன். பிறகு, "யார் ஜெயித்தது?"

"பாயக் கேளு."

வெயிலில் தண்டையார்பேட்டைக்கு நடந்தேன். (நடந்தது என் தலையெழுத்து.) அத்தாவுல்லா தார்பாயை மடியில் பரப்பித் தைத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது வேறு ஆட்களோடு டீல் போடுகிறானாம். தங்கப்பாண்டி வருவதில்லை, கடையடைத்துவிட்டு என்ன செய்வதென்று இன்னும் அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் வழியில் பார்த்தால் இருவரும் நின்று பேசுகிறார்கள்.

கேட்டேன். ஊசியை இழுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"அத்தத் தெரிஞ்சிகினு நீ இன்னா பண்ணுவ?"

"எழுதுவேன்."

"எழுது. ஒரு நூலு அறுந்துச்சின்னு எழுது. யாருதுன்னு எழுதாத."

நான் கெஞ்சினேன். வாசகர்கள் விடமாட்டார்கள் என்றேன். அவர்களையே சொல்லிக்கொள்ளச் சொல் என்றுவிட்டு அடுத்த தையலுக்குக் குனிந்தான்.

ஆகவே உங்கள் விருப்பம். அன்று காலை காசிமேட்டில் ஒரு நூல் அறுந்தது.