இரண்டாவது ஓட்டுநர்

வேகக் குற்ற நோட்டீஸ் ஐந்து மாதம் தாமதமாக வந்தது. கேமரா பிடித்தது காரை. கார் குத்தகை நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அவர்கள் நோட்டீஸை எங்கள் கம்பெனியின் பழைய முகவரிக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் கட்டடத்தின் காவலாளி, எங்களுக்கு வந்த மற்ற கடிதங்களோடு சேர்த்து அதையும் ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்தார். பை எங்கள் வாகனப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது பதில் அனுப்ப நான்கு நாள்தான் மிச்சம்.

அந்த ஐந்து மாதத்துக்குள் என் மனைவி இறந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. ஒரு நாள் காலையில் தலைவலி என்றாள். மறுநாள் காலையில் இல்லை. வயது முப்பத்திரண்டு.

வாகனப் பிரிவை நடத்துபவரை எல்லோரும் சாவி அண்ணன் என்போம். அறுபது கார்களின் மாற்றுச் சாவிகளும் அவர் முதுகுக்குப் பின்னால் ஆணிகளில் தொங்கும். யாருடையதைக் கேட்டாலும் திரும்பிப் பார்க்காமலே எடுப்பார்.

"உக்காரு தம்பி. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம்ணா."

"சொல்லிட்டேன். குடி."

ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். கூடவே படம்: காரின் பின்புறம், நம்பர் பிளேட், மாலை ஆறு இருபது. அறுபதில் போகவேண்டிய சாலை. போனது எண்பத்தொன்று.

'வாகனத்தை ஓட்டியவர் யார்?' என்ற கேள்விக்கு நேரே அண்ணனின் குண்டுக் கையெழுத்தில் என் மனைவியின் பெயர் இருந்தது. கீழே அவளுடைய லைசென்ஸ் எண். பின்னால் அவளுடைய இறப்புச் சான்றிதழின் நகல்.

"எல்லாம் நானே எழுதிட்டேன். நீ கீழ ஒரு கையெழுத்து போட்டா போதும். ஓட்டினவங்க இறந்துட்டாங்கன்னா அன்னைக்கே கேஸை மூடிடுவாங்க. ஒருத்தன் ஒரு கேள்வி கேக்க மாட்டான்."

"அவ ஓட்டலைண்ணா."

"எனக்குத் தெரியாதாப்பா? உன் கால் லட்சணம் ஊருக்கே தெரியும். ஆனா கோப்புல இந்தக் காருக்கு அவங்க ரெண்டாவது ஓட்டுநர். அதனால செல்லும். உனக்கு ஏற்கெனவே ரெண்டு நோட்டீஸ் இருக்கு. ரெண்டு வருஷத்துல மூணாவது வந்தா கார் போச்சு. கார் போனா ஃபீல்டு போச்சு. அப்புறம் மூணாவது மாடியில காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்'னு கிளிப்பிள்ளை மாதிரி ஒரு வருஷம் சொல்லிக்கிட்டு இருக்கணும்."

நான் லிஃப்ட் பழுது பார்க்கும் எஞ்சினியர். அவள் போன பிறகு என்னை ஒழுங்காக வைத்திருந்தது அந்த வேலைதான். குழியில் இறங்கிவிட்டால் கயிறு, கப்பி, பிரேக். வேறு எதையாவது நினைத்தால் கை போய்விடும். எனவே நினைப்பதில்லை. அண்ணனுக்கும் அது தெரியும்.

"அவங்களுக்கு இனிமே என்ன தம்பி ஆகப் போகுது?" என்றார் மெதுவாக. நல்ல மனசோடுதான் சொன்னார்.

படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டேன். டீயைக் குடித்தேன்.

என் மனைவி டிரைவிங் ஸ்கூலில் ஆசிரியையாக இருந்தாள். ஒன்பது வருடம். மற்ற ஆசிரியர்கள் கைவிட்டவர்கள்தான் பெரும்பாலும் அவளிடம் வருவார்கள்: பயந்தவர்கள், ஒருமுறை இடித்தவர்கள், ஐம்பது வயதில் ஸ்டீயரிங்கைத் தொடுபவர்கள். மஞ்சள் விளக்கு விழுந்தால் நின்றுவிடுவாள். பின்னாலிருந்து ஹாரன் அடித்தால், "அவசரம்னா மேல பறந்து போங்க சார்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்வாள். எனக்கு இரண்டாவது நோட்டீஸ் வந்தபோது மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காவது நாள், "முன்சக்கரத்துல பூட்டு போடட்டுமா, கால்ல போடட்டுமா?" என்று கேட்டாள்.

அந்த மாலை நடந்தது இவ்வளவுதான். அன்று அவள் ஆறு வகுப்பு எடுத்திருந்தாள். நான் போய் அழைத்து வந்தேன். சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போனாள். அவள் விழித்திருந்தால் நானும் அறுபதுதான். கண்ணை மூடியதும் என் கால் தானாக அழுந்தியது. திருட்டுத்தனம்தான். வீடு வந்ததும், "அதுக்குள்ள வந்துட்டமா?" என்றாள். "ரோடு காலியா இருந்தது" என்றேன்.

மகள் போன பிறகு என் மாமியார் என்னோடு இருக்கிறார். ஒரு பள்ளி நூலகத்தில் வேலை. எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். சாப்பாட்டு மேசையில் நான் வைத்த படிவத்தையும் அப்படியே படித்தார்.

"இவளா ஓட்டினா, மாப்பிள்ளை?"

"இல்ல அத்தை. நான். அவ பக்கத்து சீட்ல தூங்கிட்டிருந்தா."

"முழிச்சிருந்தா விட்டிருப்பாளா?"

"தோலை உரிச்சிருப்பா."

"கையெழுத்து போட்டா உங்க வேலை தப்பிக்கும், இல்லையா?"

"ஆமா."

"போடலைன்னா?"

"ஒரு வருஷம் ஃபோன் எடுக்கணும்."

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் போடுங்கன்னும் சொல்லல, போடாதீங்கன்னும் சொல்லல. உங்க வயித்துப் பொழப்பு" என்றார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தார். "எண்பத்தொன்னு. இவளாம், எண்பத்தொன்னாம்." உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"லைசென்ஸ் டெஸ்ட் கதை தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியாதே."

"டெஸ்ட் எடுக்க வந்த இன்ஸ்பெக்டர், 'கொஞ்சம் அழுத்தும்மா, எனக்குச் சாப்பாட்டு நேரம்'னு சொன்னாராம். இவ வண்டியை ஓரம் கட்டி நிறுத்திட்டு, 'சார், இங்க முப்பதுதான். பசி தாங்கலைன்னா இறங்கி ஓடுங்க, நான் பின்னாலயே வரேன்'னுட்டா. இருபது வயசுல என்ன வாய் பாருங்க. சொல்லிட்டு, ஃபெயில் பண்ணிடுவாரோன்னு வீட்டுக்கு வந்து ராத்திரி வரைக்கும் அழுகை. மறுநாள் பாத்தா பாஸ்."

"என்கிட்ட சொன்னதே இல்லையே அத்தை."

"எப்படிச் சொல்வா? சொன்னா அழுததையும் சொல்லணுமே. கட்டின புருஷன்கிட்ட கெத்து குறைஞ்சுடாது?" கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை என்னிடம் நீட்டினார். "அந்த இன்ஸ்பெக்டர் மட்டும் இதைப் பாத்தார்னு வைங்க, விழுந்து விழுந்து சிரிப்பார்."

அவளைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இன்னும் இருந்தது. அன்றைக்குச் சோறு இரண்டாவது தடவை போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை சாவி அண்ணனிடம் புதுப் படிவம் கேட்டேன்.

"ஏன், அதுல டீயைக் கொட்டிட்டியா?"

"இல்லண்ணா. பேர் தப்பா இருக்கு."

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பிழைக்கத் தெரியாதவன்டா நீ. போனவங்களுக்கு மார்க் போட்டு என்ன பண்ணப் போற?"

"பன்னிரண்டு வருஷமா லைசென்ஸ் வெச்சிருந்தாண்ணா. ஒரு நோட்டீஸ் கிடையாது. முன்னூறு பேருக்கு மேல ஓட்டக் கத்துக்குடுத்திருக்கா. அவ பேர்ல முதல் நோட்டீஸ் என் காலால வரக் கூடாது."

இவ்வளவு நீளமாக நான் பேசி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. அடுத்த மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அண்ணன் தாம் எழுதிய படிவத்தை வாங்கி நான்காகக் கிழித்தார். "கிழிக்கிறதுக்கா இவ்வளவு அழகா எழுதினேன்" என்றார். புதியதை எடுத்துக் கொடுத்தார். நானே எழுதினேன். என் பெயர், என் எண். 'இதற்கு முன் குற்றம் உண்டா?' உண்டு, இரண்டு. அவர் முத்திரை குத்தினார். வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாகவே குத்தினார்.

"என் பொண்ணும் உன் வீட்டுக்காரம்மாகிட்டதான் கத்துக்கிட்டா" என்றார், முத்திரையைப் பார்த்துக்கொண்டே. "இப்பவும் ரிவர்ஸ் எடுக்குறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டுடலாம். ஆனா ஒரு கீறல் கிடையாது."

மூன்றாவது நோட்டீஸ் என் பேரில் பதிவானது. திங்கட்கிழமை மூன்றாவது மாடிக்குப் போனேன். ஜன்னல் இல்லாத அறை, ஒன்பது பேர், ஒன்பது தடுப்புகள். முதல் அழைப்பே நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே சிக்கிக்கொண்ட ஒரு அம்மா. கதவைத் தள்ள வேண்டாம், விசிறியின் பொத்தானை அழுத்துங்கள், ஆள் கிளம்பிவிட்டார் என்றேன். ஆள் வரும்வரை அவர் தன் மருமகளைப் பற்றிக் குறை சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல மருமகளாகத்தான் தெரிந்தாள்.

புதன்கிழமை காரைத் திருப்பிக் கொடுத்தோம். குத்தகை நிறுவனத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். டார்ச் அடித்து, கீறல்களைச் சின்ன ஸ்கேலால் அளந்து, டேப்லெட்டில் குறித்துக்கொண்டார். கடைசியில் அறிக்கையைச் சத்தமாகப் படித்தார். அது அவர்கள் வழக்கம். ஒப்படைப்பவர் காதில் விழ வேண்டும்.

"முதல் ஓட்டுநர், வேகக் குற்றம் மூன்று. இரண்டாவது ஓட்டுநர்..." விரலால் திரையை மேலே தள்ளிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையே. நாலு வருஷக் குத்தகை. ஒரு பார்க்கிங் சீட்டுகூட இல்ல. சார், எங்க ஆபீஸ்ல இந்தக் கட்டம் காலியா இருந்து நான் பாத்ததே இல்ல. யாரு இவங்க?"

சாவி அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"என் மனைவி. டிரைவிங் டீச்சர்."

"அதானே பாத்தேன். வீட்லயே வாத்தியாரை வெச்சுக்கிட்டு மூணு நோட்டீஸா சார்? நீங்களும் ஒரு ரெண்டு கிளாஸ் போயிருக்கலாம்."

"கேட்டேன். உன்னையெல்லாம் சேத்துக்கிட்டா ஸ்கூல் பேர் கெட்டுடும்னுட்டா."

அவர் சத்தமாகச் சிரித்தார். சாவி அண்ணன் ஆணிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறிக்கையின் நகல் ஒன்று வேண்டும் என்றேன். யாரும் கேட்பதில்லை சார் என்றார். எனக்கு வேண்டும் என்றேன். அத்தை முதல் வரியிலிருந்து படிப்பார். இளைஞர் டேப்லெட்டை நீட்டினார். முதல் ஓட்டுநர் என்று போட்டிருந்த இடத்தில் விரலால் கையெழுத்துப் போட்டேன்.