போ என்றால் ஓம்

"பிள்ளை, உனக்கு வாய்க்குள்ள பல்லே இல்லையோ?"

தவராஜா மாமா ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். கோயில் மண்டபத்தில், தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி. நான் கிம்னேசியத்தை, அதாவது இங்கத்தைய உயர்தரப் பள்ளியை, விட்டு நின்ற மாதம் அது. வகுப்புக்கு முன்னால் பத்து நிமிடம் பேச வேண்டிய நாளில் நான்கு நிமிடம் சும்மா நின்றுவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் நான். பிறகு போகவேயில்லை. மாமாவுக்கும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினேன்: இருபத்தெட்டுப் பல் இருக்கிறது, அடுத்த ஞாயிறு எண்ணிக் காட்டுகிறேன். காட்டவில்லை.

உண்மையில் அந்தக் கேள்வி அப்பாவிடம் கேட்க வேண்டியது. அப்பாவுக்குத்தான் மேல்வரிசையில் ஒரு பல்லும் இல்லை. கட்டுப்பல். அது எங்கள் வீட்டைத் தவிர, டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் இஷொயில் ஒருவருக்கும் தெரியாது.

இஷொய்த் தமிழ்ப் பூசையில் பெந்தக்கோஸ்து ஞாயிறின் முதலாம் வாசகத்தைப் பதினொரு வருடமாகத் தவராஜா மாமாதான் வாசித்து வந்தார். அதில் பாதி நாட்டுப் பெயர்கள். மாமா வருடம் தவறாமல் கப்பதோக்கியாவில் தடக்கி விழுவார். அப்பா பின் வரிசை வாங்கில் இருந்து கண்ணை மூடிக்கொள்வார். இந்த வருடம் பங்குச் சுவாமி அப்பாவைக் கூப்பிட்டு, "குருசுமுத்து, இந்தமுறை நீர் வாசியும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா கார் ஓட்டும்போதும் குளிக்கும்போதும் கப்பதோக்கியாதான்.

அந்தச் சந்தோசத்தில்தான் எங்களுக்கு அல்பேனியா வாய்த்தது.

"தவராஜா போகாத நாடு ஒண்டு சொல்லு ராணி" என்று அப்பா அம்மாவைக் கேட்டார். தவராஜா மாமா றோமாபுரி, லூர்து, பாத்திமா எல்லாம் போய்வந்து படம் காட்டியவர். அம்மா கைபேசியில் தேடி, மலிவான விமானச் சீட்டு எங்கே இருந்ததோ அந்த நாட்டின் பெயரைச் சொன்னா. "அல்பேனியா. மலை நாடாம். ஒரே தெருவில கோயிலும் மசூதியும் பக்கத்துப் பக்கத்தில இருக்காம்."

"தவராஜாவுக்கு அது எங்க இருக்கெண்டே தெரியாது" என்றார் அப்பா. எங்களுக்கும் தெரியாது. ஆனாலும் பெந்தக்கோஸ்துக்கு முந்திய வாரம் மூன்று பேரும் போனோம்.

பிரச்சினை பஸ் நிலையத்திலேயே தொடங்கிவிட்டது. ஷ்கோடர் போகும் பஸ் இதுதானா என்று அப்பா ஆங்கிலத்தில் கேட்டார். சாரதி தலையை இடமும் வலமும் ஆட்டி, "போ" என்றான்.

அப்பா ஒரு அடி பின்னால் வந்தார். "என்னடா இவன், போ எண்டுறான்?"

"இது இல்லையாக்கும். அதுக்கு இப்பிடியே சொல்லுறது?" என்றா அம்மா. பஸ் பாதி வெறுமையாக எங்களை விட்டுவிட்டுப் புறப்பட்டது. அதன் பின்கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஷ்கோடர் என்று இருந்தது.

பழக்கடையில் அம்மா கழிவறை இருக்கிறதா என்று கேட்டா. கடைக்காரி சிரித்துக்கொண்டே, "போ, போ" என்றாள்.

"இஞ்சேருங்கோ, இவள் ரெண்டு தரம் சொல்லுறாள்! நான் இவளின்ர அம்மாவின்ர வயது. ஒரு 'ங்கோ' போட்டுப் போங்கோ எண்டு சொன்னா நாக்குத் தேய்ஞ்சு போமோ?"

அடுத்த நாள் மாலை, மலைக்குள் லூலே என்ற பெண் நடத்தும் விருந்தினர் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். சுற்றிவர மலை. உச்சிகளில் மே மாதத்திலும் பனி. என் கட்டிலுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது: விருந்தினருக்கான பத்துச் சொற்கள். முதலாவது சொல், போ. பொருள், ஆம். இரண்டாவது சொல், யோ. பொருள், இல்லை. இங்கே வயதானவர்கள் ஆம் என்பதற்குத் தலையை இடம் வலமாக ஆட்டுவார்கள் என்றும் கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

நான் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அம்மா அப்பாவிடம் சொல்லவில்லை. கூச்சம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் மறைக்கக் கூடாது: அவர்கள் இரண்டு பேரும் நாடு முழுக்கக் கோபித்துக்கொண்டு திரிவதைப் பார்க்க நன்றாக இருந்தது. வெளியே வராத சிரிப்பை இரவில் தலையணைக்குக் கொடுத்தேன்.

கடைசி நாள் இரவுச் சாப்பாட்டுக்கு லூலே ஆட்டிறைச்சி வைத்தாள். எலும்போடு வந்த அந்த இறைச்சி அப்பாவின் கட்டுப்பல்லுக்குள் சிக்கிக்கொண்டது. அப்பா மறுபக்கம் திரும்பி, பல்லைக் கழற்றி, கடதாசித் துவாலையில் சுற்றி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தயிரைக் குடித்தார். லூலே மேசையைத் துடைக்க வந்தாள். துவாலைச் சுருளைக் கையில் தூக்கி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்:

"நோ நீட்?"

டேனிஷில் ஒரு சொல் இருக்கிறது. ஒருவர் "வேண்டாமா?" என்று இல்லை போட்டுக் கேட்டால், "இல்லையில்லை, வேண்டும்" என்று சொல்ல அந்த ஒரு சொல் போதும். அப்பா டென்மார்க்கிற்கு வந்து இருபத்தாறு வருடம். ஆஸ்பத்திரியில் தளம் துடைக்கும் வேலை. "நீ இன்னும் சாப்பிடவில்லையா, உனக்கு லீவு வேண்டாமா" என்று கேட்கிறவர்களுக்கு அப்பா ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்வது அந்தச் சொல்தான். தயிர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு அவர் அவசரமாகச் சொன்னார்:

"யோ! யோ!"

லூலே துவாலையைக் கொண்டு போய்விட்டாள்.

அப்பா தயிருக்குத் திரும்பியிருந்தார், அதைக் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். துவாலைக்குள் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்பா பல்லைக் கழற்றுவதை வெளியே ஒருவருக்கும் காட்டமாட்டார், எனக்கும்தான்.

காலை ஆறு மணிக்கு எங்களை ஏற்றிப்போக வான் வந்து ஹோர்ன் அடித்தது. அப்பா பல்லைத் தேடி மேசைக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தார். லூலே ஓடி வந்தாள். அப்பா மேல்உதட்டைத் தூக்கி வெறும் பல்முரசைக் காட்டி, "மை டீத்! யூ சீ?" என்று கேட்டார். பல் இல்லாமல் அது "மை ஹீஹ்" என்றுதான் வந்தது.

லூலேக்கு விளங்கிவிட்டது. முகம் மலர்ந்து, தலையை இடமும் வலமும் ஆட்டி, "போ! போ! போ!" என்று சொல்லிக்கொண்டே சமைக்கிற குசினிக்குள் ஓடினாள்.

"மூண்டு தரம்!" என்றா அம்மா. "சொல்லிப்போட்டு உள்ள போட்டாள் பாருங்கோ! வாங்கோ, இனி ஒரு நிமிசமும் நிக்கேலாது. பல்லு போனாப் போகட்டும், மானம் இருக்கட்டும்."

அப்பா வானில் ஏறினார். ஏறும்போது வீட்டைப் பார்த்துத் தமிழில் ஏதோ சொன்னார். பல் இல்லாதபடியால் அது என்ன கெட்ட வார்த்தை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வான் நகர்ந்தது. பின்கண்ணாடியால் பார்த்தேன். லூலே ஏப்ரனோடு வாசலுக்கு ஓடி வந்தாள். கையில் ஒரு கண்ணாடிப் போத்தல். அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

"ஐயோ, போத்தலால எறியப் போறாள்! தலையைக் குனியுங்கோ!" என்று அம்மா கத்தினா. இரண்டு பேரும் குனிந்தார்கள்.

நான் குனியவில்லை. வாயைத் திறந்தேன். எனக்கு எல்லாம் தெரியும், "நிப்பாட்டுங்கோ" என்ற ஒரு சொல் போதும். அது வரவில்லை. வளைவில் வான் திரும்பியது.

இஷொய்க்கு வந்த பிறகு அப்பா பல் வைத்தியரிடம் போனார். புதுப் பல் செய்ய மூன்று வாரம். பெந்தக்கோஸ்துக்கு ஆறு நாள். அப்பா குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்தார். வெளியே கேட்டது: "கப்பஹோக்கியா." மறுபடியும், "கப்பஹோக்கியா." பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். இதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து எழுதினேன்: அல்பேனிய மொழியில் போ என்றால் ஓம். யோ என்றால் இல்லை. குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டு என் அறைக்குள் போய்விட்டேன்.

காலையில் அப்பா பால் எடுக்கப் போனவர் கதவைத் திறக்கவேயில்லை.

"ராணி... அவள் வேண்டாமோ எண்டு கேக்க நான் யோ எண்டனான்..."

அம்மா தாளை இரண்டு தரம் வாசித்தா. "அப்ப பஸ்காரன் ஓம் எண்டிருக்கிறான். பழக்கடைக்காரி ஓம் எண்டிருக்கிறாள். ஐயோ, அந்த மனிசி ஓம் ஓம் எண்டு பல்லைக் கொண்டு ஓடி வந்திருக்கு! நாங்கள் குனிஞ்சிருக்கிறம்!"

"போன் எடு" என்றார் அப்பா.

"நானோ? அந்த மனிசியை நான் எப்பிடிப் பேசினனான்! எந்த முகத்தோட?" என்று அம்மா கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தா. அப்பா தன் வாயைக் காட்டினார். அவரால் முடியாது. விடுதிக்கு நான் அனுப்பிய செய்திக்கு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று மட்டும் பதில் வந்தது.

மூன்றாம் நாள் நான் கட்டடத்தின் அடித்தளத்தில் உள்ள உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போனேன். இயந்திரங்கள் சுழலும் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது. இலக்கத்தை அழுத்தினேன். மணி போனது. வைத்துவிட்டேன். மறுபடி அழுத்தினேன்.

"அலோ?"

நான்கு நிமிடம் நின்ற அதே மாதிரி நின்றேன். லூலே இன்னொருமுறை "அலோ?" என்றாள். எழுதி வைத்திருந்த ஆங்கிலம் எல்லாம் போய்விட்டது. கடைசியில் கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, நகத்தால் என் முன்பல்லைத் தட்டினேன். டக், டக், டக்.

பிறகு லூலே சிரித்த சிரிப்பில் மலையே எதிரொலித்திருக்கும். "போ! போ! போ!"

"போ?" என்றேன் நான்.

"போ!"

சனிக்கிழமை தன் விடுதியில் இருந்து டென்மார்க்குக்குத் திரும்பும் ஒரு டேனிஷ்காரர் இருக்கிறார், மலை ஏற வந்தவர், ஞாயிறு மத்தியானம் வந்து சேருவார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். நான் கோயிலின் முகவரியையும் மூன்று மணி என்பதையும் சொன்னேன். ஒரு வருடத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். கடைசியில் அவள் கேட்டாள்: "நோ அங்ரி?"

கோபம் இல்லையா என்று. "யோ" என்றேன். அவள் மொழியில்தான் சொன்னேன்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வராவிட்டால்?

ஞாயிறு மூன்று மணிக்கு அப்பா முகக்கவசம் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, முன் வாங்கில் இருந்தார். தவராஜா மாமா கிட்ட வந்தார். "என்ன குருசு, தடிமனோ, இருமலோ? ஏலாட்டிச் சொல்லுங்கோ, நான் வாசிக்கிறன். தற்செயலா ஒரு பிரதி கொண்டு வந்தனான்." தற்செயலாக வந்த அந்தப் பிரதியில் பெரிய எழுத்தில் அச்சடித்து, கடினமான பெயர்களுக்கு மஞ்சள் கோடும் போட்டிருந்தது.

அப்பா தலையை ஆட்டினார். எங்கள் தலையாட்டல் உங்களுக்குத் தெரியும். ஓமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல் ஒன்று. மாமா அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டார்.

வருகைப்பாட்டின் கடைசி வரியில் கோயில் கதவு திறந்தது. முதுகில் பெரிய பை, மண் ஒட்டிய சப்பாத்து, வெயிலில் கறுத்த முகம், கறுத்த தாடி. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அத்தனை பேருக்குள்ளும் என்னைப் பார்த்து நேராக வந்தார். லூலே எப்படி அடையாளம் சொல்லியிருப்பாளோ தெரியாது. பைக்குள் கையை விட்டு, கம்பளிக் காலுறைக்குள் சுற்றிய போத்தலை நீட்டினார். உள்ளே தெளிந்த நீரில் அப்பாவின் பல் சிரித்துக்கொண்டிருந்தது.

நான் முன் வாங்குக்கு ஓடினேன். அப்பா குனிந்து மூடியைத் திறந்தார். அது நீர் இல்லை. அந்த ஊர்ச் சாராயம். லூலே கிருமி வரக்கூடாதென்று ஊறப்போட்டிருக்கிறாள். சுவாமி பீடத்தில் நின்றே மூக்கைச் சுருக்கினார். அப்பா முகக்கவசத்துக்குள்ளேயே பல்லை மாட்டி, வாசக நேரம் வந்ததும் கவசத்தைக் கழற்றி, பாதி எழும்பிய தவராஜா மாமாவின் தோளைத் தட்டி இருத்திவிட்டு மேலே போனார்.

அன்றைக்கு கப்பதோக்கியா, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கோயில் கூரைவரை போய் வந்தது. ஒலிவாங்கியில் அடுத்து வாசிக்க வந்த மேரிகிறேஸ் அன்ரிக்கு மட்டும் சாராய நெடியில் கண் எரிந்ததாம்.

பூசை முடிந்து மண்டபத்தில் அம்மா கடதாசித் தட்டு நிறைய றோல்ஸ், கட்லட், ஆட்டிறைச்சிப் பிரட்டல் எல்லாம் போட்டுக்கொண்டு, சுவரோரம் நின்ற தாடிக்காரரிடம் போனா. கண் கலங்கியிருந்தது. லூலேயின் தம்பி என்றே அம்மா நினைத்துக்கொண்டா. அல்பேனிய மொழி தெரியாதபடியால் டேனிஷில் கேட்டா: "நீங்கள் சாப்பிடமாட்டீங்களோ?"

"யோ" என்றார் அவர். கையும் தட்டை நோக்கி வந்தது.

அம்மாவின் முகம் வாடியது. "பாவம், வேண்டாமாம்" என்று சொல்லித் தட்டோடு திரும்பினா. அவர் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. கையை மெல்லச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நான் அந்தக் கையைப் பார்த்தேன். வானின் பின்கண்ணாடியால் பார்த்த கை ஞாபகம் வந்தது.

"அம்மா! நில்லுங்கோ! அவர் டேனிஷ்காரர்! அவருக்கு யோ எண்டா ஓம்!"

நான்தான் கத்தினேன். மண்டபம் முழுவதும் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா புதுப்பல் வந்தவர்போல வாயைத் திறந்தபடி நின்றார்.

"அட, பிள்ளைக்குப் பல் இருக்கு!" என்றார் தவராஜா மாமா.

"இருபத்தெட்டு, மாமா" என்றேன்.

அம்மா தட்டைக் கொண்டுபோய் அவர் கையில் திணித்தா. இன்னொரு அகப்பை இறைச்சியும் போட்டா. அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். பாதியில் காது சிவந்தது, பிறகு மூக்கு, பிறகு தாடிக்குள் இருந்த முகம் முழுவதும். மூன்று குவளை தண்ணீர் குடித்தார். பையை முதுகில் ஏற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரிந்த விடயம். அவசரப்படுத்தாமல் காத்து நின்றேன். கடைசியில் அவர் நகத்தால் தன் முன்பல்லை மூன்று தரம் தட்டிக் காட்டிவிட்டு, ரயில் நிலையப் பக்கமாகப் போய்விட்டார்.